பணி ஓய்வுக்குப் பின் ஒரு வாரத்தை அமைத்துக்கொள்வது எப்படி

ஓய்வு பெற்ற முதல் சில வாரங்களில் யாருக்கும் பெரிய சிக்கல் வருவதில்லை. பாக்கி வைத்திருந்த தூக்கம், தள்ளிப்போட்ட வீட்டு வேலைகள், போகாமல் விட்ட உறவினர் வீடுகள் என்று நாள்கள் ஓடிவிடும். மூன்றாவது, நான்காவது மாதத்தில்தான் செவ்வாய்க்கும் சனிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. குளியல் பதினொரு மணிக்கு நகர்கிறது. காலையில் படித்த செய்தியையே மாலையிலும் படிக்கிறோம். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி 1970களில் ஓய்வுக்காலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் காட்டியபோது, தொடக்க உற்சாகத்துக்கு அடுத்தபடியாக ஏமாற்றம் என்றே ஒரு கட்டத்தை வைத்தார். அதற்குப் பிறகு வருவது வாழ்க்கையைத் திரும்ப ஒழுங்குபடுத்திக்கொள்ளும் கட்டம். எல்லாருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்றில்லை. ஆனால் ஏமாற்றம் வந்தால் அது உங்கள் குணத்தின் கோளாறு இல்லை, பலரும் கடக்கிற இடம்தான் என்று தெரிந்திருப்பது நல்லது.

வேலை போனதும் சம்பளத்தோடு இன்னும் மூன்று விஷயங்கள் போய்விடுகின்றன. நேர அட்டவணை ஒன்று. ஏதோ ஒன்றில் தேறிக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வு இன்னொன்று. மூன்றாவது, நாம் வராவிட்டால் 'எங்கே காணோம்?' என்று கேட்கிற மனிதர்கள். முதல் இரண்டையும் வீட்டில் உட்கார்ந்தே ஓரளவு ஈடுகட்டிவிடலாம். மூன்றாவதைத் தனியாக ஈடுகட்ட முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் மற்ற எதை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள்: குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில், உங்களை எதிர்பார்த்து யாராவது காத்திருக்கும் ஏற்பாடு வாரத்துக்குக் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

முதலில் 21 கட்டங்கள்

புதிதாக எதிலும் சேர்வதற்கு முன் ஒரு வாரம் முழுவதும் செய்வதை எழுதி வையுங்கள். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை, ஏழு நாள், மொத்தம் 21 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று நாலு சொல் போதும். 'டிவி' என்று பத்துக் கட்டங்களில் வந்தால் வரட்டும். யாருக்கும் காட்டப்போவதில்லை.

அடுத்த வாரத்துக்கு வெற்றுக் கட்டங்களை வரைந்துகொண்டு எட்டிலிருந்து பத்துவரை மட்டும் நிரப்புங்கள். மற்றவை காலியாகவே இருக்கட்டும். மருத்துவரைப் பார்ப்பது, வங்கி, தண்ணீர்க் குழாய் ரிப்பேர், திடீர் விருந்தாளி எல்லாம் அந்தக் காலி இடத்தில்தான் நுழையும். 21-ஐயும் நிரப்பியவர்களின் அட்டவணை முதல் காய்ச்சலிலேயே கலைந்துவிடுகிறது, அதன்பின் திரும்ப ஒட்டுவதேயில்லை. நிரப்பும் கட்டங்களில் மூன்றையாவது நாள், நேரம் மாறாத நிலையான ஏற்பாடுகளாக வையுங்கள். மனமோ உடலோ அதிகம் உழைக்க வேண்டியவற்றைக் காலையில் போடுங்கள். மதியத்துக்குப் பிறகு கிளம்ப வேண்டிய வேலையை மனம் எளிதாகத் தட்டிக்கழித்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு புதிய விஷயம்தான். அதற்கு ஆறு வாரம் கொடுங்கள், பிறகு அடுத்தது. ஓய்வு பெற்ற உற்சாகத்தில் யோகா வகுப்பு, இசை வகுப்பு, குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவி என்று ஒரே மாதத்தில் ஐந்தில் சேர்ந்து, மூன்றாம் மாதம் ஐந்தையும் விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. முதல் இரண்டு மாதங்களுக்கு எந்தப் பதவிக்கும் சரி சொல்லாதீர்கள். 'யோசித்துச் சொல்கிறேன்' என்பது முழுமையான பதில்.

வீட்டிலும் இரண்டு பேச்சுகளை முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும். முதலாவது வாழ்க்கைத் துணையோடு. இத்தனை வருடம் பகலில் வீட்டை ஒருவர் தன் போக்கில் நடத்தியிருப்பார். திடீரென்று இன்னொருவர் நாள் முழுக்க அங்கேயே இருந்துகொண்டு சமையலறை டப்பாக்களை இடம் மாற்றினால் மனஸ்தாபம் வராமல் என்ன செய்யும்? அட்டவணையில் இருவருக்கும் பொதுவான கட்டங்கள் இரண்டு மூன்று, தனித்தனிக் கட்டங்கள் அதைவிடக் கூடுதல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எந்தெந்த வீட்டு வேலை இனி யாருடையது என்பதையும் பெயர் சொல்லியே பிரியுங்கள். இரண்டாவது பேச்சு பிள்ளைகளோடு. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெரிய சந்தோஷம். ஆனால் 'வீட்டில்தானே இருக்கிறீர்கள்' என்ற அடிப்படையில் அது ஐந்து நாள் வேலையாக வளர்ந்துவிடும். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

பொழுதுபோக்கைத் தேர்வது

பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் யாரும் சொல்லாமலேயே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ரேடியோவைப் பிரித்துப் போட்டீர்களா, படம் வரைந்தீர்களா, ஊர் சுற்றினீர்களா, கூட்டம் சேர்த்து நாடகம் போட்டீர்களா? பெரும்பாலும் அந்த விருப்பம் அப்படியே உள்ளே இருக்கும். அதிலிருந்து தொடங்குவது, பட்டியலைப் பார்த்துப் பொறுக்குவதைவிட நிலைக்கிறது.

கருவிகளை முதல் மாதம் வாங்காதீர்கள். கடன் வாங்குங்கள், வாடகைக்கு எடுங்கள், பழையதில் ஆரம்பியுங்கள். ஆறு வாரம் கழித்தும் கை அரித்தால் நடுத்தரத் தரத்தில் ஒன்று வாங்குங்கள். மிக மலிவான கருவி தொடக்கத்திலேயே வெறுப்பேற்றும். சுருதி நிற்காத கிதாரில் யாராலும் கற்க முடியாது. மிக விலையுயர்ந்தது அலமாரியில் இருந்து குற்ற உணர்ச்சியை வளர்க்கும்.

கைவேலை எதுவானாலும் வெளிச்சத்தை முதலில் சரிசெய்யுங்கள். வயது ஏற ஏற கண்மணி சிறுத்து, கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. 60 வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். 'எனக்கு இனி தையல் வராது' என்று விட்டுவிடுகிறவர்களில் பலருக்குத் தேவை ஒரு நல்ல மேசை விளக்கு. வலக்கைப் பழக்கமுள்ளவர் இடப்புறமிருந்தும், இடக்கைப் பழக்கமுள்ளவர் வலப்புறமிருந்தும் ஒளி விழும்படி வைத்தால் கையின் நிழல் வேலையின்மேல் விழாது. விரல் மூட்டு வலி உள்ளவர்கள் கருவியின் கைப்பிடியில் ரப்பர் குழாயோ துணிப்பட்டையோ சுற்றித் தடிமனாக்கிக்கொண்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது.

புது மொழியோ வாத்தியமோ கற்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்று வைக்காமல் தினமும் 15, 20 நிமிடம் வையுங்கள். இன்று கற்ற சொல்லை நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, இரண்டு வாரம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பப் பார்ப்பதுதான் நினைவில் பதிய வைக்கிறது. ஒரே மூச்சில் நூறு முறை சொல்வதால் அவ்வளவு பயனில்லை.

இரண்டு பொழுதுபோக்குகளைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். இரண்டுக்கும் செலவு குறைவு, முடிவு கிடையாது, தனியாகவும் செய்யலாம், கூட்டத்தோடும் செய்யலாம்.

பறவை பார்த்தல். இதற்கு வேண்டிய ஒரே கருவி பைனாகுலர். அதன்மேல் 8×42 என்று எழுதியிருந்தால் உருவத்தை 8 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பெரிதாகத் தெரியுமே என்று 10 மடங்கு, 12 மடங்கு வாங்குவதுதான் வழக்கமான தவறு. உருவம் பெரிதாகும்போது கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகிறது, பார்வைப் பரப்பும் சுருங்குகிறது. கிளையில் இருக்கும் பறவையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்துவிடும். கழுத்து வலி உள்ளவர்கள் எடை குறைந்த 8×32 எடுத்துக்கொண்டு, கழுத்துப் பட்டைக்குப் பதில் தோளில் மாட்டும் பட்டையைப் பயன்படுத்தலாம். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்ணுக்கும் பின் வில்லைக்கும் இடையே 15 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி தரும் மாடலாகப் பார்த்து வாங்கி, ரப்பர் வளையங்களை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி அணியாதவர்கள் வளையங்களை வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியதும் இரு கண்ணுக்கும் சரிசெய்துகொள்ளுங்கள். வலப்பக்க முன் கண்ணாடியைக் கையால் மூடி, தூரத்தில் உள்ள ஒரு பெயர்ப்பலகையை இடக்கண்ணால் பார்த்தபடி நடுச்சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் பக்க வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். பெரும்பாலான மாடல்களில் அந்த வளையம் வலப்பக்கம்தான் இருக்கும். அது நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டால் இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். பைனாகுலரில் தலைவலி வருகிறது என்பவர்கள் பெரும்பாலும் இதைச் செய்யாமல் விட்டவர்கள்.

பறவையை முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள். பார்வையை விலக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் இடம் தவறிவிடும். விடிந்த முதல் இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். பார்த்ததை, கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் பதியலாம். தொடங்கிய நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எந்தெந்தப் பறவை எத்தனை, இவ்வளவுதான். அடையாளம் தெரிந்த அத்தனையையும், காக்கை உட்பட, சேர்த்தால்தான் அது முழுப் பட்டியலாகக் கணக்கில் வரும். அபூர்வமானதை மட்டும் எழுதினால் ஆய்வாளர்களுக்கு அதில் பயன் குறைவு. உறுதியாகத் தெரியாத பறவைக்கு ஊகமாகப் பெயர் சூட்டாதீர்கள். வயதானால் உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகும். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலிக்குக் கேட்கிற குரல் உங்களுக்குத் திரும்பத் திரும்பக் கேட்கவில்லை என்றால் செவிப் பரிசோதனை ஒன்று செய்துகொள்வது நல்லது. காது மந்தமானவர்கள் கூட்டத்தைத் தவிர்க்கத் தொடங்கி, பிறகு மனிதர்களையே தவிர்க்கிறார்கள். கேட்புக் கருவியை ஒத்திப்போடாதீர்கள்.

குடும்பப் படங்களைக் கணினிக்கு மாற்றுதல். பெட்டி நிறையப் பழைய படங்கள் இல்லாத வீடு அரிது. அதில் இருப்பவர்கள் யார் என்று சொல்லத் தெரிந்தவர்களும் நீங்களும் உங்கள் வயதினரும்தான். அதனால் இதை முதல் வருடத்திலேயே தொடங்குங்கள். கையைக் கழுவி நன்றாக உலர்த்திக்கொண்டு, படத்தின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். தூசியைத் துணியால் துடைக்காமல் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். துடைத்தால் கீறல் விழும். ஸ்கேன் எடுக்கும்போது அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), பாஸ்போர்ட் அளவுச் சிறு படத்துக்கு 1200, நெகட்டிவுக்கு 2400 அல்லது அதற்கு மேல். மூலப் பிரதியை டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, பிறருக்கு அனுப்ப ஜேபெக் எடுங்கள். கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்குங்கள்: '1974_திருமணம்_03' என்பதுபோல. அப்போதுதான் தானாகவே கால வரிசையில் அடுக்கி நிற்கும். ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பத்தில் படம் பிடித்துக்கொண்டுவிட்டதா? இழுக்காதீர்கள். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்குப் பின்னால் செலுத்தி மெதுவாக அறுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் ஆல்பத்தோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். பின்பக்கம் எழுதுவதானால் மென்மையான பென்சில். பந்துமுனைப் பேனா அழுந்தி முன்பக்கம் மேடு தட்டும், மையும் பரவும்.

மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரிலோ இணையச் சேமிப்பிலோ இருக்க வேண்டும். ஒரே வன்தட்டில் மட்டும் வைத்திருந்தால் அது பழுதாகும் நாளில் உங்கள் உழைப்பு முழுவதும் போய்விடும். மூத்த உறவினரிடம் கேட்கப் போகும்போது ஒரு முறைக்கு இருபது படங்களுக்கு மேல் எடுத்துச் செல்லாதீர்கள், களைத்துவிடுவார். கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, 'இவர் யார்?' என்பதோடு நிறுத்தாமல் 'இந்தப் படத்தை எடுத்தது யார்?', 'அன்றைக்கு ஏன் எல்லாரும் கூடினீர்கள்?' என்று கேளுங்கள். கதைகள் அந்தக் கேள்விகளில்தான் திறக்கும்.

உடலுக்கான நேரம்

எந்தப் பொழுதுபோக்கும் உடற்பயிற்சிக்கு மாற்றாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி, 65 வயதுக்கு மேல் மூன்று நாளாவது சமநிலையை வளர்க்கும் பயிற்சி. மிதமான உழைப்பு என்றால் நடந்தபடி பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். நடைப்பயிற்சியைப் பலரும் செய்துவிடுகிறார்கள். விட்டுப்போவது சமநிலைப் பயிற்சி. கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி, பிறகு மறு கால். சுவரோரமாக ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்துப் பத்து எட்டு. விழுவதைத் தவிர்க்க வேண்டும் என்றால் இதைத் தவிர்க்க முடியாது.

பயணம்

கடினமான பயணத்தை முதலில் போடுங்கள். மலையேற்றம், நீண்ட விமானப் பயணம், படிகள் நிறைந்த கோட்டைகள் எல்லாம் ஓய்வின் முதல் ஆண்டுகளுக்கு. காரிலோ படகிலோ உட்கார்ந்து பார்க்கக்கூடியவை பிறகும் காத்திருக்கும். ஓய்வு பெற்றவரின் மிகப் பெரிய வசதி, வார நாளிலும் கூட்டமில்லாத பருவத்திலும் கிளம்ப முடிவது. ஆனால் அந்தப் பருவத்தில் ஏன் கூட்டமில்லை என்று விசாரியுங்கள். அருங்காட்சியகம் பழுதுபார்ப்பில் இருக்கலாம், படகுப் போக்குவரத்தே நின்றிருக்கலாம்.

பயணத் திட்டத்தில் நாங்கள் கண்டிப்பாகச் சொல்வது, ஓரிடத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் தங்குங்கள். ஊர் மாறும் நாளில் எதையும் பார்க்கத் திட்டமிடாதீர்கள். நாளுக்கு ஒரு முக்கிய இடம், அதுவும் காலையில். எட்டு நாளில் பத்து ஊர் என்ற தொகுப்புச் சுற்றுலாவில் கழிவறையும் பேருந்தும்தான் அதிகம் நினைவிருக்கும். புதிய காலணியைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே போட்டுப் பழக்குங்கள். நீங்களே தூக்கி மேலே வைக்க முடியாத பெட்டியைக் கொண்டு போகாதீர்கள். வீட்டிலேயே தூக்கிப் பாருங்கள்.

மருந்துகள் எப்போதும் கைப்பையில்தான், பயண நாள்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக. மருந்துச் சீட்டில் நிறுவனப் பெயருக்குப் பதிலாக மூலப்பெயரை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். வேறு நாட்டில் அதே மருந்துக்கு வேறு பெயர் இருக்கும். சில வலி மருந்துகளுக்கும் தூக்க மருந்துகளுக்கும் சில நாடுகளில் தடையோ கட்டுப்பாடோ உண்டு, தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். இன்சுலினைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போகலாம். தடுப்பூசி தேவைப்படும் நாடு என்றால் நாலிலிருந்து ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பல நாடுகள், நீங்கள் அங்கே போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. காப்பீட்டுப் படிவத்தில் ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையைச் சொல்லாமல் விட்டால், இதயச் சிகிச்சைக்கான தொகையை நிறுவனம் மறுக்க அதுவே காரணமாகிவிடும்.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்கி, ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலையும் விரல்களையும் மாறி மாறித் தூக்கி இறக்குங்கள். முன்பு ரத்தக்கட்டி வந்தவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்களும் அழுத்தக் காலுறை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். நேர மண்டலம் மாறினால் மண்டலத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்று உடல் பழக நேரம் எடுக்கும். கிழக்கு நோக்கிப் போவது இன்னும் கடினம். 3,000 மீட்டருக்கு மேல் மலைப் பயணம் என்றால், உறங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் தங்கி ஓய்வெடுங்கள். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தங்கும் அறைக்குப் போனதும் செய்ய வேண்டியது: குளியலறைத் தரை வழுக்குகிறதா, எங்கே படி இருக்கிறது, விளக்கு சுவிட்ச் எங்கே என்று பகலிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள். படுக்கையருகே டார்ச் வையுங்கள். புது அறையில் நள்ளிரவில் எழும்போதுதான் ஆபத்து.

நண்பர்களோடு நீண்ட பயணம் போவதானால் முதலில் இரண்டு இரவுப் பயணம் ஒன்று போய்ப் பாருங்கள். எழும் நேரம், செலவழிக்கும் விதம், நடை வேகம் மூன்றும் பொருந்தினால் மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம். 'இலவச விடுமுறை கிடைத்திருக்கிறது, ஒரு கூட்டத்துக்கு மட்டும் வந்தால் போதும்' என்று அழைப்பு வந்தால் போகாதீர்கள். அங்கே நாலு மணி நேரம் உட்கார வைத்து, பல வருடங்களுக்குப் பணம் கட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதுதான் அவர்கள் நோக்கம்.

தன்னார்வப் பணி

வாரத்தில் உங்களை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்கள் அதிகம் கிடைக்கும் இடம் இதுதான். அதனால் நிதானமாகத் தேர்ந்தெடுங்கள். முதலில் முடிவு செய்ய வேண்டியது, பழைய தொழில் திறமையைத் தரப்போகிறீர்களா, அதிலிருந்து முழுவதும் விலகப்போகிறீர்களா என்பது. முப்பது வருடம் கணக்கு எழுதியவரை எந்த அமைப்பும் கணக்கு எழுதத்தான் உட்கார வைக்கும். அதில் சலித்தவர் என்றால் தொடக்கத்திலேயே 'கணக்கு வேண்டாம், ஆட்களோடு பழகும் வேலை கொடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள்.

சேர்வதற்கு முன் அமைப்பிடம் கேளுங்கள். என் வேலை என்ன என்று எழுதித் தருவீர்களா? யாரிடம் நான் சொல்ல வேண்டும்? பயிற்சி உண்டா? நான் வராத நாளில் மாற்று ஆள் யார்? போக்குவரத்துச் செலவு யாருடையது? எனக்கு விபத்து நேர்ந்தால் காப்பீடு உண்டா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இடம் நன்றாக நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சேரவே பெரிய தொகை கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். குழந்தைகளோடும் நலிந்தவர்களோடும் வேலை என்றால் பின்னணிச் சரிபார்ப்பு கேட்பார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேட்காத இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். பணத்தைக் கையாளும் பொறுப்பானால் எப்போதும் இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேர் கையெழுத்திடும்படி வையுங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்து, 'முதலில் மூன்று மாதத்துக்கு வருகிறேன்' என்று முடிவு நாளோடு சொல்லுங்கள். பிடித்தால் நீட்டிக்கலாம், பிடிக்காவிட்டால் கௌரவமாக வெளியேறலாம். அந்த மூன்று மாதமும் யோசனை எதுவும் சொல்லாதீர்கள். தோன்றுவதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் படித்தால் பாதி யோசனைகள், அங்கே ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாமல் எழுதியவை என்பது புரியும். மீதிப் பாதியைச் சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் தன்னார்வப் பணியில் தோற்பதற்கு, முதல் வாரத்திலேயே நிர்வாகத்தைக் கையில் எடுப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பதை எடுத்துக்கொள்வோம். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓர் அமர்வு வேண்டாம். குழந்தைப் பாடப்புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், கூச்சப்பட்டு அடுத்த வாரம் வரமாட்டார்கள். அவருக்கு உடனே தேவைப்படுவதிலிருந்து தொடங்குங்கள்: தன் பெயர், பேருந்தின் பலகை, மருந்துச் சீட்டு, வங்கிப் படிவம். வாசிக்கும்போது தடுமாறினால் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் உதவுங்கள். அந்த ஐந்து விநாடியில் பல சமயம் அவரே கண்டுபிடித்துவிடுவார். எல்லாப் பிழையையும் திருத்தாமல், பொருள் மாறும் பிழையை மட்டும் திருத்துங்கள்.

வெளியே போக முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. பார்வையற்றவர்களுக்குக் கைபேசியின் வீடியோ வழியாக ஒரு டப்பாவின் மேல் உள்ள எழுத்தையோ சட்டையின் நிறத்தையோ படித்துச் சொல்லும் 'பி மை ஐஸ்' செயலி 2015-ல் தொடங்கியது. அழைப்பு வரும்போது எடுத்தால் போதும், எடுக்க முடியாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். பதிப்புரிமை முடிந்த நூல்களை வாசித்து ஒலிநூலாக்கும் லிப்ரிவாக்ஸ் 2005 முதல் இயங்குகிறது. ஒரு நிமிடச் சோதனைப் பதிவு அனுப்பித் தொடங்கலாம். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில் பதிவு செய்தால் எதிரொலி இருக்காது.

தமிழ் வாசகர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகம். பழைய நூல்களின் பக்கப் படமும், கணினி அதிலிருந்து படித்தெடுத்த எழுத்தும் அருகருகே இருக்கும். ஒப்பிட்டுத் திருத்துவதுதான் வேலை. சிவப்பு நிறப் பக்கம் இன்னும் மெய்ப்பு பார்க்கப்படாதது, மஞ்சள் ஒருவர் பார்த்தது, பச்சை இரண்டாமவரும் சரிபார்த்தது. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, இன்னொருவர் வேண்டும். கணினி அதிகம் இடறுவது துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் இடையில், ணகர னகரத்தில், விட்டுப்போகும் புள்ளிகளில். ஆகவே பொருள் தெரிகிறதே என்று வேகமாக ஓடாமல் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நூலில் உள்ளதை உள்ளபடியே தட்டச்சு செய்யுங்கள். ஆசிரியரின் பழைய எழுத்துநடையை இக்காலத்துக்கு மாற்றுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. தொடக்கத்தில் நாளுக்கு இரண்டு பக்கம் போதும்.

சொந்தமாக ஒரு குழு தொடங்குவதும் ஒரு வழி. 1973-ல் பிரான்சின் துலூஸ் நகரில் தொடங்கிய 'மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்' பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. ஓய்வு பெற்றவர்களே ஒருவருக்கொருவர் கற்பிக்கும் குழுக்கள் அதில் பல உண்டு, தேர்வும் பட்டமும் கிடையாது. ஆறு பேர் போதும். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், முறை வைத்து ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்வது. வீடுகளில் கூடினால் காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் வீட்டில் என்ன பலகாரம் என்ற போட்டி தொடங்கிவிட்டால் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் முறையை ஒத்திவைப்பார்கள், குழு கலைந்துவிடும். நூலக அறை, பூங்கா என்று பொது இடம் கிடைத்தால் இன்னும் நல்லது.

அட்டவணை வேலை செய்யாதபோது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை 21 கட்டங்களை எடுத்துப் பாருங்கள். கிளம்பும்போது சோம்பலாக இருந்து, திரும்பும்போது நன்றாக இருந்தவற்றை வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் பாரமாக இருந்ததை ஒரு மாத அறிவிப்பு கொடுத்து, வேலையை இன்னொருவரிடம் முறையாக ஒப்படைத்து விட்டுவிடுங்கள்.

எதிலும் ஆர்வமில்லாமல், பிடித்ததையும் செய்யத் தோன்றாமல், தூக்கமோ பசியோ மாறி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை அட்டவணையால் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் போங்கள்.

முழங்கால், பார்வை, துணையின் உடல்நலம் ஏதாவது ஒன்று எப்போதாவது குறுக்கிடும். அதனால் நிலையான மூன்று ஏற்பாடுகளில் ஒன்றாவது, உட்கார்ந்த இடத்தில் தொலைபேசியிலோ கணினியிலோ செய்யக்கூடியதாக இருக்கட்டும். உடம்பு நன்றாக இருக்கும்போதே அதைப் பழகிக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்துகொண்டு புதிதாகக் கடவுச்சொல் அமைத்துத் தளம் கற்றுக்கொள்வது கடினம்.